ஆய்வு அதிகாரியோடு செம்பூரிலிருந்து தாராவிக்கு

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் செல்வி போனில் அடிக்கிறாள். தாராவியில் அவள் நடத்தும் தையல் பள்ளிக்கு அரசாங்க அங்கீகாரம் கேட்டு அலைந்தபோது, வழி சொல்ல ஆள் கிடைக்கவில்லை. இங்கே சின்னதாகத் தொழிற்பள்ளி நடத்துகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான், போன தீபாவளிக்கு அடுத்த வாரம் ஆய்வு அதிகாரியைக் கூட்டிவரப் போன பயணத்தைச் சொல்கிறேன்.

செல்வி கல்யாணத்துக்கு முன் பாண்டுப்பில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் ஒரு வருடம் தையல் படித்தவள். வேலை கேட்டுப் போன இடத்தில், அந்தப் பள்ளிக்கு லைசென்ஸே கிடையாது, இந்த சர்டிஃபிகேட் செல்லாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது அவளிடம் பத்துப் பெண்கள் படிக்கிறார்கள். அங்கீகாரம் வந்தால்தான் அவர்கள் அரசுப் பரீட்சை எழுத முடியும். அதற்கு ஒரே ஒரு ஆய்வு பாக்கி.

அதிகாரிக்கு அன்று காலை செம்பூரில் வேறொரு தனியார் கல்லூரியில் ஆய்வு. எங்கள் சந்தைத் தனியாக வந்து யாரும் கண்டுபிடிக்க முடியாது, அதனால் அங்கிருந்தே ஆள் வைத்துக் கூட்டிப்போகச் சொன்னார்கள். செல்வி என்னிடம் டாக்ஸிக்குப் பணம் கொடுத்து, டாக்ஸி வந்து நிற்கிற நைன்ட்டி ஃபீட் ரோடு பக்கம் மாலையோடு நிற்பதாகச் சொன்னாள்.

மாஹிமில் ரயில் ஏறி வடாலாவில் மாறினால் செம்பூர். டிக்கெட் பத்து ரூபாய், மாறுகிற நேரத்தையும் சேர்த்து ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஸ்டேஷனிலிருந்து கல்லூரிக்கு ஆட்டோவில் இருபத்தாறு ரூபாய். போர்டைப் படிக்கத் தெரியாவிட்டாலும் எனக்கு இடம் பிசகாது. அந்தக் கல்லூரி நிற்கும் இடத்தில் முன்பு மரக்கடை இருந்தது, வாசலில் சாய்ந்த வேப்பமரம் இப்போதும் அப்படியே சாய்ந்து நிற்கிறது.

அதன் நிழலில் காத்திருந்தேன். அதிகாரி முன்வாசலில் இறங்கி வரும்போது, பக்கவாசலில் கம்ப்யூட்டர்களை வரிசையாக ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்தேன். அவரும் பார்த்தார். ஆய்வுக்கென்று வாடகைக்கு எடுத்தவை போலிருக்கிறது.

அதிகாரி மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பாலக்காட்டுத் தமிழ்ப் பெண்மணி. டாக்ஸி என்றதும் கையை ஆட்டிவிட்டார். ஆய்வுக்கு வருகிறவர் பள்ளிக்காரன் காசில் ஏறக்கூடாதாம். தன் டிக்கெட்டைத் தானே எடுத்தார். வழியில் கிங்ஸ் சர்க்கிளில் இறங்கி காபி குடித்தாக வேண்டும் என்றார். நான் பைக்குள் கை விட்டதும் சிரித்துக்கொண்டே, "பெரியவரே, உங்க காபி நன்னாவே இருக்கட்டும், ஆனா என் ரிப்போர்ட்டுக்கு அது ஆகாது" என்றார். அவரவர் காபிக்கு அவரவர் கொடுத்தோம். அங்கே போகிறவர்கள் காபியை நின்றுகொண்டே குடியுங்கள், உட்கார இடம் தேடினால் ரயில் போய்விடும். மறுபடி ஐந்து ரூபாய் டிக்கெட், மாஹிமில் இறங்கி கிழக்குப் பக்கம் நடை.

அங்கேதான் எனக்கு உறைத்தது. செல்வி நிற்பது சந்தின் அந்தக் கோடியில். நாங்கள் நுழைவதோ இந்தக் கோடியில். இங்கே வடை போடுகிற சுடலைக்கு ஆய்வைப் பற்றி யாரும் சொல்லவில்லை. போன் செய்யலாமென்றால் அது வீட்டில் சார்ஜில் கிடக்கிறது.

எங்கள் சந்தில் ஓர் ஏற்பாடு உண்டு. முன்பு கார்ப்பரேஷன்காரர்கள் வண்டி கொண்டுவந்து தையல் மிஷின்களை அள்ளிப்போன காலத்தில் செய்துகொண்டது. தோளில் பையும் கையில் டேப்புமாக ஆபீசர் மாதிரி யாராவது வந்தால், சுடலை கரண்டியால் சட்டி விளிம்பில் மூன்று தட்டு தட்டுவான்.

மூன்று தட்டும் கேட்டது.

முன்னால் ஓட எனக்குக் கால் இல்லை. அதிகாரியோ பொதுக் கழிப்பறை எத்தனை தூரம் என்று டேப்பைப் பிடித்து அளந்துகொண்டு நிதானமாக வருகிறார். எங்களுக்கு முன்னால் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கின. பள்ளிக்குள் போனால் பத்து மேசை, ஒவ்வொன்றிலும் மிஷின் இருந்த இடத்தில் ஒரு ஓட்டை. ஒரு மிஷின் கிடையாது, ஒரு பிள்ளை கிடையாது.

சுடலை பின்னாலேயே வந்து என் காதில், "அண்ணாச்சி, நல்லவேளை நான் பாத்தேன். ஒண்ணுகூட சிக்கல, எல்லாத்தையும் மேல ஏத்தியாச்சு" என்றான். அந்த ரகசியம் அடுத்த சந்துக்கும் கேட்டிருக்கும்.

செல்வி மாலையோடு மூச்சிரைக்க ஓடிவந்து, மேசைகளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். "மாமா, டாக்ஸியில வாரோம்னுதான சொன்னிய" என்றாள். அவள் குரலைக் கேட்டதும் எனக்கு பத்துப் பெண்களின் பரீட்சை அந்த ஓட்டைகள் வழியாக இறங்கிப் போவது போல இருந்தது.

அதிகாரி ஒரு மேசையின் ஓட்டையில் விரலை வைத்தார். எண்ணெய் ஈரமாக ஒட்டியது. தரையில் நூல் துண்டுகளையும் துணியில் கோடு போடுகிற சாக்பீஸ் தூளையும் பார்த்தார்.

"காலம்பற போன இடத்துல எல்லாம் பளபளன்னு இருந்தது, ஒண்ணுலயும் ஒயரே இல்லை," என்றார். "இங்கே மிஷின் இருக்கு. ஆனா கண்ணால பார்த்தாத்தான் நான் எழுத முடியும். இறக்கச் சொல்லுங்கோ."

சுடலையை மறுபடி தட்டச் சொன்னால், மிச்சமிருந்த ஷட்டரும் மூடிவிடும். செல்வி வாசலில் நின்று கத்தினாள்: "இது பள்ளிக்கூடத்து மேடம், மிஷினை இறக்குங்க." ஏணிகளில் மிஷின் தலைகள் இறங்கின, பிள்ளைகளும் இறங்கினார்கள். தப்பைச் சரிசெய்கிற வேகத்தில் சந்துக்காரர்கள் தங்கள் சொந்த மிஷினையும் கொண்டுவந்து குவித்துவிட்டார்கள். பத்து மேசைக்குப் பதினாலு மிஷின். அதிகாரி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கறாராக நாலைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஒவ்வொரு பெண்ணையும் தைக்கச் சொல்லிப் பார்த்தார். மாலையை வாங்கிக்கொள்ளவில்லை. போகும்போது சுடலையிடம் காசு கொடுத்து இரண்டு வடை வாங்கினார். அவன் மூன்றாவதாக ஒன்று வைத்து, "எனக்குப் பள்ளிக்கூடம் ஒண்ணும் கிடையாது மேடம், இத நீங்க திங்கலாம்" என்றான். அதை மட்டும் வாங்கிக்கொண்டார்.

பொங்கலுக்கு முன் அங்கீகாரம் வந்தது. பத்துப் பேரும் பரீட்சை எழுதிவிட்டார்கள்.

படிக்கச் சேருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கண்ணாடிக் கட்டடத்தைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். அங்கீகாரம் இருக்கிறதா என்று அரசாங்க அலுவலகத்தில் கேளுங்கள், என்னைப் போல எழுத்து தெரியாதவர்கள் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போய்க் கேளுங்கள். பள்ளி நடத்துகிறவர்கள் ஆய்வுக்கு முன் மேசையைத் துடைக்கலாம், சுவருக்கு வெள்ளை அடிக்கலாம். அதற்கெல்லாம் முன்னால், சந்தின் இரண்டு கோடியிலும் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். சுடலை இப்போது பை தூக்கிய ஆள் யார் வந்தாலும், கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முதலில் கேட்கிறான்: "பள்ளிக்கூடத்துக்கா வாரிய?"