புழுதி செட்டும் ஏறாத மேடையும்

எங்களுக்கு மேடைக் கூச்சமாம். போன வாரம் ஓர் இணையப் பத்திரிகையில் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். கூச்ச சுபாவம் உள்ள கிராமியக் கலைஞர்களாம், அதனால் கடைசிவரை மேடை ஏறவில்லையாம். அது பொய். எங்களை ஏற விடவில்லை. அதற்கப்புறம் நாங்கள் ஏறவில்லை. இரண்டும் வேறு வேறு.

சூடான தூசி வாசனை... என் ஆம்ப்ளிஃபயர் பெட்டியை நினைத்தால் முதலில் அதுதான் மூக்கில் ஏறும். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் வாடகை அறையில் இருந்த வெள்ளைக்காரர் ஒருவர், ஊருக்குத் திரும்பும்போது அந்தப் பெட்டியையும் ஒரு எலெக்ட்ரிக் கிட்டாரையும் என்னிடம் விட்டுப் போனார். நான் அங்கே ஒயரிங் வேலை பார்த்தவன். சொல்லித்தர ஆள் இல்லை. நானாகத் தட்டித் தடவியதில் சில பிடிகள் கைக்கு வந்தன. அதுவே போதும் என்று நிறுத்திக்கொண்டேன்.

அடி அண்ணாமலை கிராமத்து ஏழுமலை என் கூட்டாளி. அம்மன் திருவிழாவுக்குப் பம்பை வாசிப்பவன். அவன் அக்கா பூங்காவனம் நடவிலும் பாடுவாள், சாவிலும் பாடுவாள். ஆனால் அவள் ஒப்பாரியில் அழுகை இருக்காது, கோபம்தான் இருக்கும். அதை வேகமாகப் பாடச் சொல்லி, பம்பையையும் கிட்டாரையும் உடன் ஓடவிட்டோம். பௌர்ணமி முடிந்ததும் கிரிவலப் பாதையில் கிடக்கும் குப்பையைப் பொறுக்குவது யார்? அதுதான் எங்கள் முதல் பாட்டு.

முதல் கச்சேரி டவுனில், ஒரு கலைச் சங்கத்தின் ஆண்டு விழா. மைதானத்தில் பலகை மேடை. முன்வரிசையில் வேட்டி, சட்டை, சென்ட் வாசனை. பெட்டியை மேடையில் வைத்து ஒயரைச் செருகிவிட்டேன். ஏழுமலை பம்பையை இடுப்பில் கட்டிக்கொண்டு படியில் கால் வைத்தான். சங்கத்துக்காரர் கையை நீட்டித் தடுத்தார்.

"கிட்டார் தம்பி மட்டும் மேல இருக்கட்டும். பம்பை கீழயே நிக்கட்டும். அது தெருவுல வாசிக்கிறது."

பூங்காவனம் விடவில்லை. "ஏன்யா, எந்தம்பி கால் பட்டா பலகை தேஞ்சிடுமா?"

"நீ வேணும்னா ஓரமா நின்னு பாடுமா."

"ஓரமா நிக்க நான் இன்னா தொடப்பமா?"

ஏழுமலை படியிலிருந்து காலை எடுத்துவிட்டான். அந்தக் கால் கீழே இறங்கியதை இன்றுவரை நான் மறக்கவில்லை.

ஒயரைப் பிடுங்கினேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கி, தரையில் வைத்து மறுபடி செருகினேன்.

"கீழ வாசிச்சா யாருக்குப்பா தெரியும்?" என்றார் அவர்.

"தெரியணும்னா எழுந்து நிக்கட்டும்."

எழுந்து நின்றார்கள். முதலில் பின்வரிசை, கடைசியில் முன்வரிசை. வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்களெல்லாம் உள்ளே வந்து எங்களைச் சுற்றி ஆடினார்கள். கிளம்பிய புழுதியில் சென்ட் வாசனை போன இடம் தெரியவில்லை. எங்கள் குழுவுக்கு அன்றைக்குக் கிடைத்த பெயர்தான் புழுதி செட்டு.

அன்றைக்கே முடிவு செய்தோம். இனி எந்த மேடையும் வேண்டாம். எங்கே போனாலும் தரை, சுற்றிலும் ஜனம். மேடையில்தான் வாசிக்க வேண்டும் என்று சொன்னவர்களிடம் வரமாட்டோம் என்றோம். "ரொம்பத்தான் திமிரு" என்றார்கள். ஆமாம், ஜாஸ்திதான்.

டேப் ரெக்கார்டரில் நாங்களே பதிவு செய்த கேசட் ஒன்று, கை மாறிக் கை மாறி பெங்களூர் வரை போனது. அங்கிருந்து தலைமுடி வளர்த்த பையன்கள் பஸ் ஏறி வந்தார்கள். "இது பங்க் மியூசிக் சார்" என்றான் ஒருவன்.

"அப்படின்னா இன்னாடா?" என்றாள் பூங்காவனம்.

"யார் சொல்றதையும் கேக்காம, தெரிஞ்சத வெச்சிக்கினு சத்தமா வாசிக்கிறதுதான் அக்கா."

"அத நாங்க பொறந்ததுலேந்து பண்றோம், போடா."

வேங்கிக்காலில் ஒரு விழாவில் அதிகாரிகளுக்கு முன்னால் சோபா போட்டிருந்தார்கள். இரண்டாவது பாட்டுக்கே அவர்கள் எழுந்து கூட்டத்தோடு நின்றுவிட்டார்கள். முன்னால் நின்றவர்கள் மறைத்தார்கள் என்று இரண்டு பெண்கள் அந்தச் சோபாமேல் ஏறி நின்று பார்த்தார்கள். என் வாழ்க்கையில் நான் பார்த்த அழகான காட்சி அது.

போன மாதம் எங்கள் ஊரிலேயே பெரிய இசை விழா. எங்களைக் கடைசி நிகழ்ச்சியாக வைத்திருந்தார்கள். விழா நடத்தும் பெண் ஓடி வந்து ஏழுமலையைக் காட்டினாள். "ஐயா, இவருக்கு முட்டி வலின்னு சொன்னாங்க. மேடையில சேர் போட்டிருக்கோம். படிக்குக் கைப்பிடி கூட வெச்சிருக்கோம்."

மரியாதையாகத்தான் கேட்டாள். அதனால் பதிலை ஏழுமலையிடமே விட்டேன். ஏழுமலையால் இப்போது ஒரு பாட்டு முடியும்வரை நிற்க முடியாது. அவன் அந்தப் படியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஏறுகிறேன் என்றால் நான் எந்த முகத்தோடு தடுப்பேன்?

"சேர் போட்டிருக்கியாமா?" என்றான் ஏழுமலை.

"ஆமாங்க ஐயா."

"ரொம்ப சந்தோஷம். அத எடுத்தாந்து கீழ போடு."

"கை இல்லாத சேரா பாத்து போடுமா, பம்பை இடிக்கும்" என்றாள் பூங்காவனம்.

கை இல்லாத நாற்காலி அங்கே இல்லை. பக்கத்து டீக்கடை ஸ்டூல் வந்தது. ஏழுமலை உட்கார்ந்தான், வளைந்த குச்சியை எடுத்தான். முதல் அடிக்கே கூட்டம் வட்டமாகிவிட்டது. மேடையில் லைட் எல்லாம் எரிந்துகொண்டிருந்தது, ஆள் இல்லாமல்.

அன்று எங்களைக் கீழே நிறுத்தினார்கள். இன்று கீழே இடம் பிடிக்கப் போட்டி. சங்கத்துக்காரர் இருந்திருந்தால் அவருக்கும் இடம் கொடுத்திருப்போம், நின்று பார்க்க.

இனி ஆகவேண்டியது. பத்திரிகைக்காரர் 'கூச்சம்' என்பதை எடுத்துவிட்டு 'ஏற விடவில்லை' என்று போட வேண்டும், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில். விழாக்காரர்கள் எங்களுக்காகப் பலகை அடுக்க வேண்டாம், தரையைக் கூட்டிவிட்டால் போதும். லைட்காரர் விளக்கைக் கீழே திருப்ப வேண்டும். பார்க்க வருகிறவர்கள் குள்ளமானவர்களை முன்னால் விட வேண்டும். கை இல்லாத நாற்காலி ஒன்று ஏழுமலைக்கு வேண்டும். அதை நானே வாங்கிவிட்டேன், நானே தூக்கிவந்து தரையில் போடுவேன்.