மடிக்காத தாள்

திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் எனக்குத் தாள் மடிக்கும் வேலை. பெரிய தாள் ஒன்றில் பதினாறு பக்கங்கள் முன்னும் பின்னுமாக அச்சாகி வரும். விரித்துப் பார்த்தால் பாதிப் பக்கங்கள் நேராக இருக்கும், மீதி தலைகீழாக நிற்கும். மூன்று மடிப்பு மடித்தால் எல்லாம் வரிசைக்கு வந்துவிடும்.

சிறுவர் கதைப் புத்தக ஆர்டர் ஓடும் நாட்களில், மை தீற்றிக்கொண்ட வேஸ்ட் தாள்களைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டு வருவேன். அதற்கே சூப்பர்வைசர் ஒரு மாதிரி முகம் காட்டுவார். காட்டட்டும்.

வீட்டில் நானும் என் மகளும்தான். அவள் அப்பா லாரியில் பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போகிறவர். சீசன் தொடங்கிவிட்டால் வீட்டுக்குப் போனில் அவர் குரல் மட்டும்தான் வரும். "சாப்பிட்டியா, பாப்பா சாப்பிட்டாளா?" அதோடு பேச்சு முடிந்துவிடும். மகளும் அப்பாவைப் போலத்தான். கேட்டால் பதில் வரும், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. சில நாள் சுவரோடு பேசலாமா என்றுகூட இருக்கும்.

அதனால்தான் தாளை மடிக்காமல் தரையில் விரிப்பேன். நான் இந்தப் பக்கம், அவள் எதிர்ப்பக்கம். எனக்கு நேராக இருப்பதை நான் சத்தமாக வாசிப்பேன், அவளுக்கு நேராக இருப்பதை அவள். தொடக்கமும் முடிவும் எனக்கு வரும், நடுக்கதை முழுக்க அவளுடையது. தாளைப் புரட்ட ஆளுக்கொரு முனையைப் பிடிக்க வேண்டும். முதலை பேசினால் அவள் குரல் கரகரக்கும், நரி வந்தால் மூக்கால் பேசுவாள். அப்போது வீடு நிறைய ஆள் இருப்பது போலிருக்கும்.

"ஏம்மா, மடிச்சே கொண்டாரலாம்ல?" என்று ஒருமுறை கேட்டாள்.

"அம்புட்டு நேரம் மடிச்சுட்டு வாரேன், இங்கன வந்தும் மடிக்கணுமாக்கும்?" என்று எரிந்து விழுந்தேன். கை வலி உண்மைதான். ஆனால் மடித்துவிட்டால் படிக்க ஓர் ஆள் போதும். அதைப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

போன கோடை விடுமுறையில், பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் அவளை ஒருநாள் வேலைக்குக் கூட்டிப் போனேன். சும்மா வேடிக்கை பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் பார்த்ததெல்லாம் என் கையைத்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, குழம்பை இறக்கி வைத்துவிட்டு வந்தால் முந்தின நாள் கொண்டுவந்த தாளைக் காணோம். மகள் அதை மடித்து, நடுவில் நூல் கோத்து, ஸ்கேல் வைத்து ஓரம் கிழித்து, சின்னப் புத்தகமாக்கி வைத்திருந்தாள். புதிதாக வேலைக்குச் சேரும் பெண்களுக்கு இந்த மடிப்பு வர நாளாகும். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அவள் வாசலோரம் வெளிச்சத்தில் போய் உட்கார்ந்தாள். உதடுகூட அசையவில்லை.

"சத்தமாப் படி, நானும் கேப்பேன்ல?"

"சத்தமாப் படிச்சா மெதுவாப் போகுதும்மா."

நான் எதிரே உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் எங்கேயோ அவளாகச் சிரித்தாள்.

"என்னத்துக்குடி சிரிக்க?"

"ஒண்ணுமில்லம்மா." கடைசிவரை படித்து முடித்துவிட்டு, "நீயே படிச்சுப் பாரு" என்று புத்தகத்தை என் மடியில் போட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்கு விளையாடப் போய்விட்டாள்.

முதல் பக்கத்தைத் திறந்தேன். ஆளில்லாத வீட்டில் சத்தமாகவே வாசிக்க ஆரம்பித்தேன்.