திட்டுப்பூவும் எங்கள் அக்காவும்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களில் பாதிப் பேருடைய கைகள், எங்கள் அக்கா மருந்து வைத்து ஆற்றிக் கொடுத்தவை. அவர் மறைந்து ஓராண்டு நிறையும் இன்று அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கடைசியில் எழுதினால் யாரும் அதுவரை படிக்கமாட்டீர்கள்.

அக்கா விரிஞ்சிபுரத்தில் பிறந்து, ஆம்பூருக்கு வாழ்க்கைப்பட்டார்; தம்பியான நானும் அவரோடுதான் இருந்தேன். அத்தானுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. மயிர் கழல்வதற்காகத் தோலை ஊறப்போடும் தொட்டி அது. நாளெல்லாம் அதில் கைவிட்டுப் புரட்டுகிறவர்களுக்கு விரல் நுனிகளில் குழி குழியாகப் புண் விழும். அத்தானால் சோறு பிசைய முடியாது. அக்காதான் ஊட்டிவிடுவார்.

பாலாற்றின் நடுவே ஒரு மணல் திட்டு உண்டு. வெள்ளம் வடிந்த பின் தை, மாசியில் அங்கே மட்டும் மிளகளவில் ஊதா நிறப் பூ ஒன்று பூக்கும். எங்கள் பக்கத்தில் அது வேறெங்கும் கிடையாது. ஆற்று மணலில் வெள்ளரி போட்ட பெண்கள் அதை அரைத்துப் பித்தவெடிப்புக்குப் பூசுவதை அக்கா பார்த்தார். விளக்கெண்ணெயில் காய்ச்சி அத்தானின் விரல்களில் வைத்தார். பத்தே நாளில் அத்தான் தம் கையாலேயே சாப்பிட்டார். அன்றிலிருந்து எங்கள் வாசலில் கூட்டம்தான்.

அக்காவுக்கு இரண்டு கட்டுப்பாடுகள் இருந்தன. பூவைக் கிள்ளலாம், செடியை வேரோடு பிடுங்கக் கூடாது. மருந்து வாங்கியவர்கள் நன்றி சொல்லவும் கூடாது. "அப்டி இப்டின்னு வாயத் தெறந்தா மருந்து வேலை செய்யாது. ஆறிச்சா, போய்க்கினே இருங்க" என்பார். எல்லோரும் அப்படியே போய்க்கொண்டிருந்தார்கள்.

ஒரு மாசியில் நாத்தனாரின் பிரசவத்துக்காக அக்கா ஒடுகத்தூர் போயிருந்தார். அப்போது எங்கள் பெரியப்பா மகன், "வருஷா வருஷம் ஆத்துல எறங்கறது இன்னா பேஜாரு? வூட்டாண்ட வச்சிக்கினா ஜாஸ்தியா பூக்கும்" என்றார். இதை அவரும் படித்துக்கொண்டிருப்பார். ஏழெட்டு வீட்டார் கூடையோடு கிளம்பினார்கள். செடி நிற்கும் இடத்தைக் காட்டியவன் நான். சாயங்காலத்துக்குள் திட்டு மொட்டையாகிவிட்டது.

கொல்லையில் வெறும் மண்ணில் நட்டிருந்தால்கூட ஒன்றிரண்டு பிழைத்திருக்குமோ என்னவோ. எங்களுக்கு எதற்கும் ஷாப்பு எருதானே தெரியும்! தோல் ஊறிய ஆவாரம்பட்டைச் சக்கையைக் குழி நிறையப் போட்டோம். நான்கே நாளில் எல்லாம் கருகின.

அக்கா திரும்பி வந்து திட்டைப் போய்ப் பார்த்தார். "ஒரு செடியாவது வுட்டு வச்சிருக்கலாமேடா" என்றார்.  அடுத்த தையில் பூ வரவில்லை. அதற்கடுத்த தையிலும் வரவில்லை.

அத்தான் காலமானதும் அக்கா அதே ஷாப்பில் ஈரத்தோல் சுமக்கப் போனார். சுண்ணாம்புத் தண்ணீரிலேயே நின்று கால் புண்ணாயிற்று. வீங்கியது, காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் மருந்து வைத்துக் கட்டியும் ஆறவில்லை. படுத்திருந்த இரண்டு மாதத்தில் அவரால் கை ஆறியவர்களில் எத்தனை பேர் வந்து எட்டிப்பார்த்தீர்கள் என்று உங்களுக்கே தெரியும். எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"திட்டுல ஒண்ணாவது மொளச்சிருக்கா, பாருடா" என்று ஒருநாள் என்னை அனுப்பினார். போனேன். வெறும் மணல். திரும்பி வந்து, "இருக்குக்கா, இன்னும் பூக்கலை" என்று பொய் சொன்னேன்.

"அப்ப தொடாத. பூத்து வெதை வுழட்டும்" என்றார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது.

இத்தகைய நினைவு மலரை நன்றியோடு முடிப்பது வழக்கம். அக்கா படுத்திருந்தபோது எங்கள் அடுத்த வீட்டு பாய், யாரும் சொல்லாமல் தாமாகவே கிளம்பினார். இரண்டு நாள் ஆற்றில் மேலும் கீழும் நடந்து அந்தச் செடியைத் தேடினார். கிடைக்கவில்லை என்று சொல்ல வந்தவர், எங்கள் வாசலில் நின்று அழுதார். அவருக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி.

மற்றவர்களுக்கும் எனக்கும் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. நன்றி சொல்லாதீர்கள் என்று அக்கா சொன்னதை நம்மில் ஒருவரும் மீறவில்லை. வேரோடு பிடுங்காதீர்கள் என்று சொன்னதும் அவர்தான்.