சிரிக்காமல் இரண்டு நிமிடம்

எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவளுக்கு ஒரு வினோதமான பழக்கம் உண்டு. பயம் வந்தால் சிரித்துவிடுவாள். தோள் குலுங்கி, கண்ணில் நீர் முட்டி, மூச்சு வாங்க வைக்கும் சிரிப்பு. முதல் நாளே நான் ஒரு லாரிக்கும் மதில் சுவருக்கும் நடுவில் வண்டியைச் செருகப் பார்த்தேன். அவள் தன் பக்கத்து பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் சிரித்தாள். கேலி செய்கிறாளாக்கும் என்று நான் முறைத்தேன்.

"ஐயோ, இல்ல டீச்சர். எனக்கு உயிரே போயிடுச்சு. அதான் சிரிக்கிறேன்" என்றாள்.

பயிற்சிப் பள்ளியில் அவளுக்குப் பெயரே 'பிரேக் மேடம்'தான். முப்பத்தாறு வயது, ஒல்லி உடம்பு, ஊருக்கே கேட்கிற குரல். நான் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துபவள். ஓட்டுநர் தேர்வில் மூன்று முறை கோட்டை விட்டவள். அதனால் அவளோடு அறுபது வகுப்புக்கு மேல் ஒரே காரில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு மணி நேரம் கியர் பற்றி மட்டுமே பேச யாரால் முடியும்? இருபதாவது வகுப்பில் அவளுக்கு எட்டு வயதில் ஒரு மகள் இருப்பது எனக்குத் தெரிந்தது. முப்பதாவது வகுப்பில், அந்த மகளைப் பார்த்து ஐந்து மாதமாகிறது என்பதும்.

புருஷனும் அவளும் பிரிந்து இரண்டு வருஷம். பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கிறது என்று குழந்தை அப்பாவோடு இருந்தது. இவள் தம்பி வீட்டு மாடி அறையில் இருந்தாள். முதலில் ஒவ்வொரு ஞாயிறும் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஒரு வாரம் நீச்சல் வகுப்பு, ஒரு வாரம் ஜுரம், ஒரு வாரம் யாருக்கோ பிறந்தநாள் என்று ஞாயிறுகள் கழன்றுகொண்டே போய், கடைசியில் போனில் மட்டும் "சாப்பிட்டியா?" "ம்." "படிச்சியா?" "ம்." என்றாகிவிட்டது.

ஒரு நாள் அவள், மகளைப் பார்க்க வழி செய்யச் சொல்லிக் குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போட்டுவிட்டு வந்து காரில் ஏறினாள். வக்கீல் யார் என்று கேட்டேன்.

"ஒருத்தரைப் போய்ப் பார்த்தேன் டீச்சர். இருபது நிமிஷம் பேசினார். என் பொண்ணை நாலு தடவை 'மைனர்'னு சொன்னார். ஒரு தடவைகூட அவ பேரைக் கேக்கல. எந்திரிச்சு வந்துட்டேன். நானே பேசிக்கிறேன்."

"நீங்களா? ஜட்ஜ் முன்னாடியா?" என்றேன்.

அவ்வளவுதான். நடுச்சந்தியில் சிக்னல் பச்சையாகிவிட்டது, பின்னால் பத்து வண்டி ஹாரன் அடிக்கிறது, இவள் டேஷ்போர்டில் தலையைக் கவிழ்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

விசாரணைக்கு மூன்று வாரம் இருந்தது. ஒத்திகை பார்த்தே ஆகவேண்டும் என்று நான்தான் சொன்னேன். இடம், அவள் தம்பியின் பட்டறை. அவன் பல் டாக்டர்களுக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பவன். வீட்டின் கீழ்த்தளத்தில் நீளமான மேசை, மெழுகு உருக்கும் சின்ன அடுப்பு, சுவர் முழுக்கப் பலகை. பலகையில் வரிசை வரிசையாகப் பிளாஸ்டர் தாடைகள், எல்லாம் வாயைத் திறந்தபடி. சிரிப்பை அடக்கப் பழகுவதற்கு உலகத்திலேயே இதைவிட மோசமான இடம் கிடையாது.

தம்பி ஜட்ஜ். உருப்பெருக்கிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, மெழுகு சுரண்டும் கத்தியால் மேசையைத் தட்டினான். நான் எதிர்த்தரப்பு. கையில் ஸ்டாப்வாட்ச்.

"வணக்கம் மேடம். நான்..." என்று ஆரம்பித்தாள்.

"சொல்லுங்கம்மா" என்றான் தம்பி, பெண் குரலில்.

பதினொரு விநாடி. அதுதான் முதல் நாள் சாதனை. அவள் சிரித்ததைப் பார்த்து ஜட்ஜ் சிரித்து, ஜட்ஜைப் பார்த்து எதிர்த்தரப்பு சிரித்து, என் முழங்கை பட்டு யாரோ ஒரு பெரியவரின் கீழ்த்தாடை தரையில் விழுந்து இரண்டாக உடைந்தது.

"அக்கா! அது நாளைக்கு டெலிவரி!" என்று அவன் அலறினான். அதற்கும் சிரித்தாள்.

பிறகு வைத்தியம் தேட ஆரம்பித்தோம். தொடையைக் கிள்ளிப் பார்த்தாள். நாக்கைக் கடித்துப் பார்த்தாள். வாயில் தண்ணீர் வைத்துக்கொள்ளலாம் என்றாள். அப்புறம் எதனால் பேசுவாய் என்று தம்பி கேட்டான். ஏதாவது சோகமான விஷயத்தை நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் யோசித்தவள், "உங்க ரிவர்ஸ் பார்க்கிங் ஞாபகம் வந்துடுச்சு டீச்சர்" என்று மறுபடி ஆரம்பித்துவிட்டாள். இரண்டாவது ஞாயிறு முடியும்போது கணக்கு நாற்பது விநாடிக்கு வந்திருந்தது.

நடுவில், ஜட்ஜிடம் கேட்கவேண்டியதை எழுதும் வேலையும் இருந்தது. நீதிமன்றத்தின் உதவி ஜன்னலில் இருந்த அம்மாள் அவளிடம் பொறுமையாகச் சொல்லி அனுப்பியிருந்தார்: "ஒரு பக்கம் போதும். எந்தக் கிழமை, எத்தனை மணி, யார் கூட்டிட்டு வருவாங்க, உடம்பு சரியில்லேன்னா என்ன பண்றது, அதை மட்டும் எழுதுங்க. கோவத்தைத் தனித்தாள்ல எழுதி வீட்லயே வெச்சிட்டு வாங்க."

இவள் எழுதி வந்தது பதினொரு பக்கம். நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். தொழில் புத்தி.

"எத்தனை மார்க் டீச்சர்?"

"பூஜ்யம்."

"பூஜ்யமா!"

"கேள்வி குழந்தையைப் பத்தி. பதில் புருஷனைப் பத்தி. ஒன்பது பக்கம் அவரைத் திட்டியிருக்கீங்க. மீதி ரெண்டு பக்கம் அவரோட அக்காவைத் திட்டியிருக்கீங்க."

அவள் தாள்களை வாங்கிப் புரட்டினாள். "ஆனா நல்லா திட்டியிருக்கேன்ல?" என்றாள். உண்மையைச் சொன்னால், பிரமாதமாகத் திட்டியிருந்தாள். நாலாம் பக்கத்தைத் தம்பி இரண்டு முறை கேட்டு வாங்கிப் படித்தான்.

மூன்றாவது ஞாயிறு நான் எதிர்த்தரப்பு வேலையை ஒழுங்காகச் செய்வது என்று முடிவு செய்தேன். எழுந்து நின்று கேட்டேன்: "உங்க பொண்ணோட வகுப்பு டீச்சர் பேர் என்ன?"

அவள் திரும்பித் தம்பியைப் பார்த்தாள். அவனுக்கும் தெரியவில்லை.

"ஷூ சைஸ் என்ன? இப்ப அவளுக்கு நெருங்கின தோழி யாரு? கடைசியா எப்ப ஜுரம் வந்துச்சு?"

தம்பி கத்தியைக் கீழே வைத்தான். நான் எல்லை மீறிவிட்டேன் என்று தெரிந்தது. அவள் சிரிக்கவில்லை. பயந்தால்தான் சிரிப்பாள், இது பயம் இல்லை. மெழுகு அடுப்பை அணைத்துவிட்டு, "இன்னிக்குப் போதும் டீச்சர்" என்று மாடிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் சாயங்காலம் பயிற்சிக் கார் என் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றது. எனக்கு அன்று வகுப்பே இல்லை. அவள் இறங்கி ஓடி வந்தாள்.

"டீச்சர், ஸ்கூலுக்குப் போனேன்! நேரா ஆபீஸ்ல போய், நான் அவ அம்மா, அவ எப்படிப் படிக்கிறான்னு தெரிஞ்சுக்கணும்னேன். அவங்க வகுப்பு டீச்சரையே கூப்பிட்டுட்டாங்க! ரொம்ப நல்ல மாதிரி. மூணாவது பெஞ்ச்ல உக்கார்றாளாம். முன்பல் ரெண்டும் விழுந்துடுச்சாம். தண்ணின்னா பயமாம், நீச்சலை விட்டுட்டாளாம், எனக்கு யாருமே சொல்லல! அப்புறம் சுவத்துல அவ வரைஞ்ச ஆக்டோபஸ் ஒட்டியிருக்காங்க. காலை எண்ணிப் பார்த்தேன். ஒன்பது! எட்டுதானே இருக்கணும்? ஒன்பது போட்டிருக்கா டீச்சர்!"

சாலையோரத்தில் நின்று ஒன்பது விரலைக் காட்டி அவள் குதித்ததைப் பார்த்து என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் குவிந்துவிட்டார்கள். நானும் கொஞ்சம் குதித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அன்றைக்கே காரில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கின் மேல் தாளை வைத்து எழுதினாள். ஒரே பக்கம். நூலகத்துக்குக் கூட்டிப்போவது, பல் டாக்டரிடம் காட்டுவது, தண்ணீர்ப் பக்கமே கூட்டிப்போகாமல் இருப்பது, எல்லாம் இருந்தது. புருஷன் ஒரே ஒரு வரியில் வந்தார்: 'அவளை அவர் நன்றாகவே பார்த்துக்கொள்கிறார்.' அந்த வரிக்கு மட்டும் அரைமணி நேரம் ஆனது.

விசாரணை அன்று நானும் தம்பியும் கூடப் போனோம். நீளமான தாழ்வாரம், பிளாஸ்டிக் நாற்காலிகள். எங்கள் எண் பதினான்கு. எதிர் வரிசையில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, மடியில் ஒரு நீலக் கோப்பு. அவள் மடியிலும் அதே நீலக் கோப்பு, அதே கடைச் சரக்கு.

"அவர்தானா?" என்றேன் காதோடு.

"அவர்தான். வக்கீல் இல்லாம வந்திருக்கார் டீச்சர். பாருங்க, உதட்டை அசைச்சு மனப்பாடம் பண்றார்" என்றவளின் தோள் லேசாகக் குலுங்க ஆரம்பித்தது. நான் அவள் தொடையைக் கிள்ளினேன்.

கதவு சாத்தியபின் உள்ளே நடந்தது அவள் சொல்லி எனக்குத் தெரியும். எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள்.

பெரிய மண்டபமாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனாளாம். வங்கி மேலாளர் அறை அளவுதான் இருந்தது. ஜட்ஜ் அம்மாளுக்குக் கடுமையான ஜலதோஷம். மேசையில் கைக்குட்டை. "யாரு மனுதாரர்? சொல்லுங்கம்மா" என்றார் மூக்கடைத்த குரலில். அது அச்சு அசல் தம்பியின் பெண் குரல்.

"வணக்கம் மேடம். நான்..."

முடிந்தது கதை. உதட்டைக் கடித்தாள், கோப்பால் முகத்தை மறைத்தாள், எதுவும் பலிக்கவில்லை. மூன்று வார ஒத்திகையும் காற்றில் போய், ஜட்ஜ் முன்னால் நின்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்தார். "இது சிரிக்கிற இடமாம்மா?" என்றார். அது இன்னும் பயமாக இருந்ததால் சிரிப்பு இன்னும் கூடியது. எல்லாம் போச்சு, இனி பிள்ளை முகத்தைப் பார்க்க முடியாது என்று நினைத்துக்கொண்டே சிரித்தாளாம்.

அப்போது அவள் புருஷன் எழுந்தார்.

"மேடம், மன்னிக்கணும். அவ வேணும்னு சிரிக்கல. பயந்தா அப்படித்தான். எங்க பொண்ணு பிறந்தப்ப ஆபரேஷன் தியேட்டர்ல சிரிச்ச சிரிப்புல டாக்டர் பயந்துட்டார். கொஞ்சம் தண்ணி குடுத்தா சரியாயிடும்."

ஜட்ஜ் அவரைப் பார்த்தார். இவளைப் பார்த்தார். தன் பக்கத்துத் தண்ணீர்க் குவளையை நகர்த்திவைத்தார். இவள் குடித்து முடிக்கும்வரை மூக்கைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார்.

பிறகு அவள் பேசினாள். அந்த ஒரு பக்கம் முழுவதையும் தாளைப் பார்க்காமலே சொன்னாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஒவ்வொரு வாரமும் சனி, ஞாயிறு, ராத்திரித் தங்கலோடு வேண்டும் என்று கேட்டாள்.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று ஜட்ஜ் அவரைக் கேட்டார்.

அவர் கோப்பைத் திறந்தார். மூடினார். "இவ வந்துட்டுப் போற ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பொண்ணு ராத்திரி சாப்பிட மாட்டா மேடம். அழுதுட்டே தூங்குவா. என்னால பார்க்க முடியல. அதான்... ஒவ்வொரு வாரமா தள்ளிப் போட்டேன். தப்புதான்."

இதற்கான பதில் எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை.

"அது எனக்குத் தெரியாது மேடம்" என்றாள். "அவ என்கிட்ட சிரிச்சுக்கிட்டேதான் டாட்டா காட்டுவா." சொல்லும்போதே புரிந்துவிட்டது. அந்தப் பிள்ளையும் தன்னைப் போலத்தான். "அப்படின்னா நடுவுல ஒரு நாள் போன் பேசினா நல்லதா இருக்கும். இடைவெளி நீளமா தெரியாது. தங்குறது மெதுவா இருக்கட்டும் மேடம். அவளுக்குப் பழகட்டும்."

ஜட்ஜ் வெகு நேரம் எழுதினார். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், சனிக்கிழமை காலை பத்து முதல் மாலை ஐந்து வரை. புதன்கிழமை சாயங்காலம் அரைமணி நேரம் போன். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பது, சரியாகப் போனால் இரவு தங்குவது பற்றி அப்போது முடிவு. கேட்டதில் கால்வாசிகூட இல்லை.

அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தபோது முகத்தை வைத்து எங்களால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டு வந்தாள். அவள் சிரித்தால் என்ன அர்த்தம் என்று யாருக்குத் தெரியும்?

"என்னக்கா ஆச்சு? சொல்லித் தொலை!" என்றான் தம்பி.

"சனிக்கிழமைடா! இந்த சனிக்கிழமையே!" என்று அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் என் கழுத்தை. அப்புறம் பதினைந்தாம் எண்ணுக்குக் காத்திருந்த, முன்பின் தெரியாத ஒரு அம்மாளின் கழுத்தை. அந்த அம்மாளும் எதற்கும் இருக்கட்டும் என்று பதிலுக்குக் கட்டிக்கொண்டார்.

அவர் எங்களைக் கடந்து போகையில் நின்றார். "அவளுக்கு ஷூ கடிக்குது. நான் வாங்கினது சின்னதாப் போயிடுச்சு. சனிக்கிழமை கடைக்குக் கூட்டிட்டுப் போறியா?"

"என்ன சைஸ்?"

"பதிமூணு பத்தல. அதுக்கு அடுத்தது பெரியவங்க சைஸ்ல ஒண்ணாம் நம்பர், அதைப் போட்டுப் பாரு."

அவள் அதை நீலக் கோப்பின் மேலேயே எழுதிக்கொண்டாள். "தேங்க்ஸ்" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை பத்து மணிக்குக் கூட்டிப்போகவேண்டிய பிள்ளைக்கு அவள் எட்டே முக்காலுக்கே தெருமுனையில் போய் நின்றாள். மகள் ஓடி வந்து கட்டிப்பிடிப்பாள் என்று கற்பனை செய்திருந்தாள். மகள் நடந்துதான் வந்தாள். அம்மாவை மேலும் கீழும் பார்த்து, "நீ ஏன் முடி வெட்டிக்கிட்ட?" என்று ஓட்டைப் பல்லோடு கேட்டாள். ஷூக் கடை மூன்றாவது மாடியில். மின்படிக்கட்டில் ஏறியதும் இன்னொரு முறை போகலாமா என்றாள். இறங்கினார்கள், ஏறினார்கள். ஏழாவது தடவை மகளின் கை தானாக வந்து அம்மா கையைப் பிடித்தது. மொத்தம் பதினாறு தடவை. கடைக் காவலாளி வந்து, "ஏம்மா, ஏதாவது வாங்குற எண்ணம் இருக்கா இல்லையா?" என்று கேட்டதும்தான் ஷூ ஞாபகம் வந்தது.

மூன்று மாதம் கழித்து நடந்த விசாரணை பத்து நிமிடத்தில் முடிந்தது. இப்போது மாதம் இரண்டு சனிக்கிழமை மகள் அம்மாவோடு தங்குகிறாள். முதல் தடவை ஒரு தலையணை, நாலு பொம்மை, பல் துலக்க இரண்டு பிரஷ் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வந்து, மாடி அறைக் கட்டிலில் ஜன்னல் பக்கம் தனக்குத்தான் என்று படுத்துக்கொண்டாளாம். அம்மாவுக்குக் கிடைத்தது ஒரு சாண் இடம். திங்கட்கிழமை வகுப்பில் அவள் கழுத்தைத் திருப்ப முடியாமல் உட்கார்ந்துகொண்டு, "இடது பக்கம் நீங்களே பாத்துக்குங்க டீச்சர், எனக்குத் திரும்பாது" என்றாள்.