இரண்டு கட்டைவிரல்கள்

நகரியில் எங்கள் பக்கத்து வீட்டு நெசவாளி நல்ல உயரம். வண்டியிலிருந்து விழுந்தபின் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. தினமும் காலையில் சுவரில் முதுகை ஒட்டி நின்று, இடுப்பெலும்புகள் மேல் கட்டைவிரல்களை வைத்துக்கொள்வார். குனிந்தால் மட்டம் மாறிவிடும் என்பதால் மனைவிதான் பார்த்துச் சொல்ல வேண்டும். அவரும் சளைக்காமல், “சமமாத்தான் கீது” என்பார்.

திருமலைக்குப் படியேறி வருவதாக வேண்டுதல். கிளம்பும் நாளன்று, எல்லைப் போராட்டக் கூட்டத்துக்கு ஓடிக்கொண்டிருந்த என்னை, சுவரோடு விரல் வைத்து நின்றபடியே நெசவாளி நிறுத்தினார்.

“ஊரு ஆந்திராவா மெட்ராஸான்னு அப்புறம் பாக்கலாம். என் இடுப்பு எந்தப் பக்கம்னு சொல்லுப்பா. இவ பொய் சொல்றா.”

உட்கார்ந்து பார்த்தேன். “வலது விரல் மேல கீதுண்ணா.”

மனைவி என்னை முறைத்தார். “அப்ப பஸ்ஸுல போலாமே?”

“பஸ்ஸா? எந்தப் பக்கம் ஏமாத்துதுன்னு தெரிஞ்சிபோச்சு. அந்தப் பக்கத்துக் கால நம்பாம ஏறுறேன், வா!”

மொட்டைத் தலையோடு, முன்னைவிட அதிகமாக நொண்டிக்கொண்டு திரும்பினார். கடைசிவரை படியேறித்தான் போனார் என்று மனைவியே சொன்னார். கோணல் என்று கேட்ட பிறகு ஒரு மனிதருக்கு எப்படி அத்தனை தெம்பு வந்தது? எனக்கு இன்னும் விளங்கவில்லை.