சாத்திய கதவுக்குள் சரளி வரிசை

ஜோதிலட்சுமிக்குப் பாட்டுக் கற்றுக்கொள்ளும் ஆசை ஒன்றும் பெரிதாகக் கிடையாது. வீட்டில் ஒரு குரல் கேட்க வேண்டும், அது தன்னுடையதாக இருந்தாலும் பரவாயில்லை என்றுதான் சேர்ந்தாள். கணவர் சந்திரமோகன் இறந்துபோய்விட்டார். மகள் பூமிகா கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். “சும்மா குந்திக்கினு செவுத்தயே பாக்காதம்மா. கோயில்ல நல்லாத்தான பாடுவ? போன்லயே கத்துக்கோ” என்று அவளே ஒரு டீச்சரைப் பிடித்துக் கொடுத்தாள். வகுப்பு சாயங்காலத்தில்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பின்னால் லைன் வீட்டில் இருந்துகொண்டு சாயங்காலத்தில் அமைதி கேட்பது கொஞ்சம் பேராசைதான். ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்தால் தெருவே அலறும். எல்லா வீட்டுக் குக்கரும் பேசி வைத்துக்கொண்டு விசிலடிக்கும். மாம்பலத்து டீச்சர் முதல் வகுப்பிலேயே, “நீங்க வீட்டுல இருக்கீங்களா, பஸ் ஸ்டாண்டுல இருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டார்.

ஜோதிலட்சுமிக்கு ரோஷம் வந்துவிட்டது. ஜன்னலை ஜமுக்காளத்தால் மூடினாள். சுவர் எதிரொலிக்கிறது என்று டீச்சர் சொன்னதும் கொடி கட்டிப் பழைய புடவைகளைத் தொங்கவிட்டாள். ஃபேனை நிறுத்தினாள். அரிசி டிரம்மின்மேல் பருப்பு டப்பாவை வைத்துப் போனைச் சாய்த்தாள். கடைசியாக வாசல் கதவைச் சாத்தி, அடி இடுக்கில் துண்டைத் திணித்தாள். உள்ளே வேர்த்துக் கொட்டியது. “இப்போ உங்க குரல் தெளிவாக் கேக்குது” என்றார் டீச்சர். அன்றைக்கு அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அங்கேதான் தப்புப் பண்ணினாள். அந்த வீட்டு வரிசையில் விளக்கு வைக்கிற நேரத்தில் யாரும் வாசல் கதவைச் சாத்துவதில்லை. லட்சுமி வருகிற நேரம் என்பார்கள். மனுஷர் வருகிற நேரமும் அதுதான். பக்கத்து வீட்டுச் செல்வி கம்பெனியிலிருந்து வந்து, முகம் கழுவின கையோடு இவள் வீட்டுக்குள் வந்து உட்காருவாள். உதிரிப் பூவைக் கட்டுவாள், சூப்பர்வைசரைத் திட்டுவாள், எழுந்து போவாள். ஜோதிலட்சுமி வாய்விட்டுச் சிரிப்பது அந்த நேரத்தில் மட்டும்தான்.

வகுப்பில்லாத நாட்களிலும் செல்வி வராமல் போனபோது, ஷிஃப்ட் மாறியிருக்கும் என்று ஜோதிலட்சுமி தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டாள். ஒரு நாள் தண்ணீர்க் குழாயடியில் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டாள்.

“இன்னாடி, ஊட்டுப் பக்கமே வர்றதில்ல?”

“நீதான்க்கா வெளக்கு வெக்கிற நேரத்துல கதவ சாத்திக்கினியே. நாம வர்றது பேஜாரா இருக்குது போலன்னு உட்டுட்டேன்.”

“ஐயோ, பாட்டு கிளாஸுடி அது!”

செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள். “மொதல்லியே சொல்றதுக்கு இன்னா? வரேன்க்கா.”

சொன்னாளே தவிர வரவில்லை. கால் வேறு வாசலுக்குப் பழகிவிட்டது. இப்போதெல்லாம் கடைசி வீட்டுக் கிரேஸிடம் போய் உட்காருகிறாள், பூவும் அங்கேதான்.

அடுத்த வகுப்பில் ஜோதிலட்சுமி கதவைத் திறந்தே வைத்தாள். லாரியும் குக்கரும் உள்ளே வந்தன. “என்ன மறுபடி இவ்வளவு சத்தம்?” என்று டீச்சர் முகம் சுளித்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஸரிகமபதநி என்று இழுத்துக்கொண்டே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது செல்வி வந்து நின்றாள். டீச்சர் “ம், மறுபடி” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஜோதிலட்சுமி அழைப்பைத் துண்டித்தாள்.

“வாடி, குந்து. டீ போடறேன்.”

“இல்லக்கா. கிரேஸக்கா ஊட்டுக்கு ஆளுங்க வந்துக்கிறாங்க. தோசக்கல்லு ஒண்ணு பத்தல, உன்னுது குடேன்.”

எடுத்துக் கொடுத்தாள். செல்வி வாங்கிக்கொண்டு, “நீ பாடுக்கா, பாடு” என்று சொல்லியபடியே போய்விட்டாள்.

போன் அடித்தது. டீச்சர்தான்.

“கட்டாயிடுச்சே, யாராவது வந்தாங்களா?”

“யாரும் வரலீங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டு, ஷட்ஜத்தைப் பிடித்தாள். கதவை மட்டும் சாத்தவில்லை.