நாற்பத்தேழு பல்

வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் சேர்ப்பது அவள் வேலை. ஒல்லி உடம்பு, கையில் ஊசி. கூட வேலை செய்பவர்கள் கொசு என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவளும் போனை எடுத்தால், "கொசு பேசறேன், சொல்லுங்க" என்பாள்.

ரத்த மாதிரிப் பெட்டியைச் சுமக்கும் அதே மோட்டார் சைக்கிளில் ஞாயிற்றுக்கிழமை பந்தயம் ஓடுவாள். கைவிடப்பட்ட விமான ஓடுதளம், கால் மைல் நேர்கோடு, ஒரு தடவைக்கு இரண்டு வண்டி. எடை குறைந்தவளுக்கு அங்கே கொஞ்சம் சாதகம். வண்டியைத் தயார் செய்து கொடுப்பவன் புருஷன், மெக்கானிக்.

அவனுடைய அண்ணனும் ஒரு காலத்தில் அங்கே ஓடியவன்தான். எல்லைக் கோட்டைத் தாண்டி பிரேக் பிடிக்கும் இடத்தில் விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வற்று, அவர்கள் வீட்டு முன்னறையில் கிடந்தான். அவள் பந்தயம் முடிந்து திரும்பியதும் தலையணையில் சாய்த்து வைக்கச் சொல்லி, "முதல்ல இருந்து சொல்லு" என்பான். சொல்வதற்கு எப்போதும் தோல்விதான் இருந்தது.

"கிளம்பறப்ப நான்தான் மாமா முன்னாடி. பாதி தூரம் தாண்டினா வண்டி கத்துது, ஓட மாட்டேங்குது. பின்னாடி வர்றவங்க டாட்டா காட்டிட்டுப் போறாங்க."

"பின்சக்கரத்துல செயின் ஓடற ஸ்பிராக்கெட்ல எத்தனை பல்லு?"

"நாற்பத்திரண்டுன்னு உங்க தம்பி சொன்னாரு."

"அதுக்கு வண்டி இப்படிக் கத்தக் கூடாதே. பின்னாடி பல்லு கூடினா கிளம்பறப்ப எடுப்பு நல்லா இருக்கும், ஆனா வேகம் சீக்கிரமே தீர்ந்துடும். எதுக்கும் எண்ணிப் பாரு."

வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, துணியால் கிரீஸைத் துடைத்தாள். பல் எண்ணிக்கை பொறித்திருக்க வேண்டிய இடம் அரத்தால் ராவி வழவழவென்று இருந்தது. ஒரு பல்லில் சாக்பீஸ் தடவி, சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி எண்ணினாள். நாற்பத்தேழு.

புருஷன் சாப்பிட வந்தபோது அவள் தட்டு வைக்கவில்லை.

"நம்பரை ராவினது யாரு?"

அவன் கை கழுவிக்கொண்டே இருந்தான். சோப்பு நுரையெல்லாம் போன பிறகும் கழுவினான்.

"நான்தான்."

"ஏங்க? ஒவ்வொரு வாரமும் நான் அவமானப்பட்டு வர்றேன். எனக்குத்தான் ஓட்டத் தெரியலைன்னு நினைச்சிட்டு இருந்தேன்."

"கோட்டைத் தாண்டறப்ப நீ வேகமாப் போகக் கூடாது. போகாதேன்னா கேப்பியா?" அவன் துண்டை எடுத்துக் கையைத் துடைத்தான். "அண்ணனைத் தினமும் நான்தான் புரட்டிப் படுக்க வைக்கிறேன். உன்னையும் அப்படிப் புரட்ட என்னால முடியாது."

முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான். அண்ணனுக்கு எல்லாமே கேட்டிருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன் அவளே நாற்பத்திரண்டு பல் ஸ்பிராக்கெட்டைப் பூட்டி, செயினையும் அளவாகக் குறைத்துக்கொண்டாள். புருஷன் பக்கத்தில் வரவும் இல்லை, தடுக்கவும் இல்லை. அன்று வண்டி கத்தவில்லை. கோடு வரைக்கும் இழுத்தது. ஜெயித்தாள். கோட்டுக்கு அப்பால் பிரேக் பிடித்து நிறுத்தி, திரும்பிப் பார்த்தாள். அந்த இடத்தில்தான் அண்ணன் விழுந்திருப்பான் என்று அதுவரை அவளுக்குத் தோன்றியதே இல்லை.

வீட்டில் புருஷன் அவளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்து, "அடி ஒண்ணும் படலையே?" என்று மட்டும் கேட்டான்.

"மாமா, ஜெயிச்சிட்டேன்" என்று முன்னறைக்குள் போனாள்.

அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். "சந்தோஷம்மா. தலையணை வேண்டாம், இப்படியே இருக்கட்டும்."

அதன் பிறகு அவன் பந்தயத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. அவள் இன்னும் இரண்டு மூன்று தடவை ஓடினாள், ஜெயிக்கவும் செய்தாள். வந்து சொன்னால் கேட்க ஆளில்லை. மழைக்காலத்தில் படுக்கைப் புண்ணில் கிருமி ஏறி அண்ணன் காய்ச்சலில் கிடந்தான். அவனுக்கும் அவள்தான் ரத்தம் எடுத்தாள். நரம்பு கிடைக்காமல் இரண்டு தடவை குத்த வேண்டியிருந்தது. "பரவாயில்லை கொசு" என்றான். அந்த வாரமே போய்விட்டான்.

காரியமெல்லாம் முடிந்தபின் ஒரு நாள் புருஷன் வண்டியருகே உட்கார்ந்து ஸ்பேனரை எடுத்தான்.

"எத்தனை பல்லு வேணும்னு சொல்லு. பொய் சொல்லாம போட்டுத் தரேன்."

அவள் வாசற்படியில் நின்று யோசித்தாள்.

"வேலைக்குப் போற மாதிரி போடுங்க, போதும்."

அவன் பின்சக்கரத்தைக் கழற்ற ஆரம்பித்தான். முன்னறைக் கட்டில் அப்படியே கிடந்தது. அதை எங்கே போடுவது என்று இருவருமே இன்னும் பேசவில்லை.